ஜெர்சித் தீவில் ஒரு பேழை

ஜெர்சி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நாட்டுக் குடும்பத்தார் மனத்தில் எழுவது ஒரு பசுவின் உருவமே. பால் சங்கத்திற்குப் பால் ஊற்றும் எந்தக் கிராமத்திலும், "அது ஜெர்சிக் கலப்பு" என்று பெருமையோடு சொல்லக் கேட்டிருக்கிறோம். மானின் நிறமும் அகன்ற கண்களும் கொண்ட அந்தப் பசுவுக்குப் பிறந்த வீடு ஒன்று உண்டு என்பதும், அது பிரான்சு நாட்டின் நார்மண்டிக் கரைக்கு அருகே கடலில் கிடக்கும் ஒரு சின்னஞ்சிறு தீவு என்பதும் எனக்கு மிகவும் பிந்தியே தெரிய வந்தன. அத்தீவை நேரில் காணும் வாய்ப்பு, ஒரு திருயாத்திரையின் முடிவில் எதிர்பாராது வந்து வாய்த்தது.

பாரிசு மாநகரில் குடியேறிவிட்ட புதுச்சேரிக் குடும்பங்களுள் என் தங்கையின் குடும்பமும் ஒன்று. அவர்களோடு லிசியே சென்று, சிறுமலர் புனித தெரேசாவின் பேராலயத்தில் திருப்பலி கண்டு, அங்கிருந்து மேற்கே சேன் மாலோ துறைமுகம் வரை வந்தோம். கோட்டை மதில் சூழ்ந்த அந்தப் பழம்பதியிலிருந்து ஜெர்சிக்கு விரைவுக் கப்பல் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். பிரான்சின் கரைக்கு அவ்வளவு அருகில் இருந்தாலும், தீவு பிரித்தானிய முடிக்கு உட்பட்டது. ஆயினும் அது பிரித்தானிய நாட்டின் பகுதியன்று. தனிச் சட்டமன்றமும் தனி நாணயத்தாள்களும் அதற்கு உண்டு. தங்கை வீட்டார் தங்கள் பிரெஞ்சுக் கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு நடந்தார்கள். எனக்கு மட்டும் முன்கூட்டியே தனி விசா வாங்க வேண்டியிருந்தது. அதற்கு நான் பட்ட பாட்டை எழுதினால் இக்கட்டுரையில் வேறெதற்கும் இடம் இராது.

தீவின் பரப்பு ஏறத்தாழ 118 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அது ஒரே அளவில் நிற்பதில்லை. உலகிலேயே மிகப் பெரிய ஓதங்களுள் ஒன்று அங்கே ஏறி இறங்குகிறது. நீர்மட்டம் நாற்பதடி வரை உயர்ந்து தாழ்கிறது. நாங்கள் சேர்ந்தபோது கடல் வற்றியிருந்தது. காலையில் அலை புரண்ட இடமெல்லாம் பாறையும் பாசியும் மணலுமாக ஒரு புதிய நாடு விரிந்து கிடந்தது. அந்தக் கடற்பாசியைத்தான் உழவர்கள் நெடுங்காலமாக வாரிச் சென்று உருளைக்கிழங்கு வயலுக்கு உரமாக இட்டு வந்தார்கள். தங்கள் பசுவினம் கலப்படமாகிவிடக் கூடாது என்று 1789-ஆம் ஆண்டிலேயே வெளிமாடுகள் தீவுக்குள் நுழைவதைத் தடைசெய்து சட்டம் இயற்றியவர்கள் இவர்கள். உயிரினம் ஒன்றைக் கண்போலக் காப்பது அந்த மண்ணுக்குப் புதிதன்று.

நம் வாசகர்கள் மகிழத்தக்க செய்தி ஒன்று உண்டு. தீவு முழுவதும் பன்னிரண்டு பங்குகளாகவே பிரிக்கப்பட்டிருக்கிறது. ஊராட்சியும் அந்தப் பங்கின் பெயரிலேயே நடக்கிறது. புனித பேதுரு, புனித அருளப்பர், புனித லவுரெஞ்சியார், புனித மார்ட்டின், புனித மரியாள் என்று பேருந்தின் நெற்றியில் புனிதர் பெயர்களாகவே வரக் கண்டோம். தலைநகர் புனித ஹெலியர். ஆறாம் நூற்றாண்டில் கடலோரப் பாறைக் குகையில் தவம் செய்து, கொள்ளைக்காரர் கோடரிக்கு இரையான மறைசாட்சி அவர். அந்தப் பங்கின் சின்னத்தில் இன்றும் இரு கோடரிகள் குறுக்காக நிற்கின்றன. அப்பழைய பங்குக் கோயில்கள் இப்போது ஆங்கிலிக்கன் சபையினர் வசம் உள்ளன. பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி வந்த குருக்களால்தான் கத்தோலிக்க வழிபாடு அங்கு மீண்டும் துளிர்த்தது. பின்னர் பிரான்சிலிருந்து இயேசு சபையினரும் வந்து கல்விமனை அமைத்தனர். 1902 முதல் 1905 வரை அங்கே மெய்யியல் பயின்றவாறே தீவின் பாறைகளை ஆராய்ந்து திரிந்த இளைஞர், பின்னாளில் புகழ்பெற்ற தந்தை தெயார் த ஷார்தன். அவர் வாழ்ந்த இல்லம் பிற்காலத்தில் பயணிகள் விடுதியாக மாறிற்று.

மறுநாள் நாங்கள் பேருந்து ஏறியது தமத்திரித்துவப் பங்குக்கு. அங்கே, ஒக்ரே என்னும் பழைய கருங்கல் மாளிகையைச் சுற்றி, முப்பது ஏக்கருக்குச் சற்று மிகுந்த நிலத்தில் இருக்கிறது ஜெர்சி மிருகக்காட்சிசாலை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அங்கே போக விருப்பமில்லை. மிருகக்காட்சிசாலை என்றால் எனக்கு ஒரு பழைய வெட்கம் உண்டு. நான் பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு ஒரு கூடாரக் காட்சி வந்தது. வண்டிமேல் வைத்த இரும்புக் கூண்டில் ஒரு புலி. உடல் திரும்பக்கூட இடமில்லை. ஒரே தாளத்தில் முன்னும் பின்னும் தலையை ஆட்டிக்கொண்டே நின்றது. நண்பர்கள் உசுப்பிவிட, நான் கரும்புத் துண்டு ஒன்றால் அதன் விலாவில் குத்தினேன். அது சீறும், நாங்கள் சிதறி ஓடுவோம் என்று எதிர்பார்த்தோம். அது சீறவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. தலையை ஆட்டிக்கொண்டே நின்றது. அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்ல வேண்டுமா, இது எந்தக் கட்டளையின் கீழ் வரும் என்று குழம்பிப் பேசாதிருந்துவிட்டேன். அதற்குப் பின் எந்தக் கூண்டின் முன்னும் நான் நின்றதில்லை.

தங்கை மகனுக்கோ அப்போது அதே பத்து வயது. நுழைந்து கால்மணிகூட ஆகவில்லை, அவன் என் கையைப் பிடித்து இழுத்து, "மாமா, இவையெல்லாம் என்ன தப்புச் செய்தன?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டு ஒரு வாழ்நாள் முழுவதும் உறங்காதிருந்த மனிதரின் வீடுதான் அது. ஜெரால்டு டரல் என்பது அவர் பெயர். அவர் பிறந்தது நம் நாட்டில். 1925-ஆம் ஆண்டு சனவரி 7-ஆம் நாள் ஜாம்ஷெட்பூரில், பொறியாளர் ஒருவரின் கடைசி மகனாகப் பிறந்தார். அவருடைய தமையனார் லாரன்சு டரல் ஆங்கில இலக்கியத்தில் பெரும்பெயர் பெற்றவர். டார்ஜிலிங் மலையில் இயேசு சபையார் நடத்திய புனித சூசையப்பர் கல்லூரிப் பள்ளியில் படித்தவர். இளையவருக்கோ பள்ளிப்படிப்பென்று சொல்லிக்கொள்ள ஏதுமில்லை. ஆயாவின் கையைப் பிடித்து நடந்த வயதில் இந்திய நகரம் ஒன்றில் பார்த்த மிருகக்காட்சிசாலையே தம் முதல் காதல் என்று அவரே எழுதியிருக்கிறார். 1928-இல் தந்தை இறந்தார். கைம்பெண்ணான தாய் பிள்ளைகளோடு இங்கிலாந்து திரும்பினார். பின் 1935 முதல் 1939 வரை கிரேக்க நாட்டுக் கார்ஃபூ தீவில் குடும்பம் வாழ்ந்தது. அங்கே சிறுவன் தேளைத் தீப்பெட்டியிலும் பாம்பைக் குளிக்கும் தொட்டியிலும் வைத்து வளர்த்த கூத்தையெல்லாம் 1956-இல் அவர் எழுதிய நூல் உலகெங்கும் சிரித்துச் சிரித்துப் படிக்கப்பட்டது.

ஆனால் அவர் வாழ்வின் திசையைத் திருப்பியது சிரிப்புக்குரியது அன்று, ஒரு மான். அந்த மானின் கதையில் நம் திருச்சபையின் குருவானவர் ஒருவரும் வருகிறார் என்பதை ஜெர்சியில்தான் நான் உணர்ந்தேன்.

தந்தை அர்மான் தாவீது, பிரான்சின் பாஸ்க் நாட்டவர். புனித வின்சென்ட் தெ பவுலின் சபையைச் சேர்ந்தவர். நம் பங்குகளில் ஏழைகளின் வீடு தேடிச் செல்லும் பொதுநிலையினர் சங்கம் அன்று. அப்புனிதரே 1625-இல் நிறுவிய குருக்கள் சபை. மறைபரப்பச் சீனம் சென்ற அவர், செடிகொடிகளையும் விலங்குகளையும் ஆராய்வதில் இணையற்றவர். பாண்டாக் கரடியை மேல்நாட்டார் அறியச் செய்தவரும் அவரே. 1865-ஆம் ஆண்டில் பீக்கிங் நகருக்குத் தெற்கே பேரரசரின் வேட்டைத் தோட்டத்து நெடுமதில்மேல் எட்டிப் பார்த்தபோது, அவர் அதுவரை கண்டிராத மான் கூட்டம் ஒன்று உள்ளே மேய்ந்துகொண்டிருந்தது. சீனர் அதற்கு 'நான்குமல்லாதது' என்றொரு பெயர் வைத்திருந்தனர். கொம்பு மானுடையது, குளம்பு மாட்டினுடையது, முகம் குதிரையுடையது, வால் கழுதையுடையது. ஆனால் அது மானுமன்று, மாடுமன்று, குதிரையுமன்று, கழுதையுமன்று. காட்டில் அந்த இனம் எப்போதோ அழிந்துபோயிற்று. மதிலுக்குள் இருந்தவையே உலகில் எஞ்சியவை. தந்தை தாவீது காவலர்களைச் சரிக்கட்டித் தோலும் எலும்பும் பெற்றுப் பாரிசுக்கு அனுப்பினார். பின்னர் உயிருள்ள மான்கள் சிலவும் ஐரோப்பியக் காட்சிசாலைகளுக்கு வந்து சேர்ந்தன.

அதன்பின் நடந்ததைப் பாருங்கள். 1890-களில் பெருவெள்ளம் அந்த மதிலை உடைத்தது. வெளியே ஓடிய மான்களைப் பசியால் வாடிய மக்கள் அடித்துத் தின்றார்கள். அவர்களை யார் குறை கூற முடியும்? எஞ்சியவை 1900-ஆம் ஆண்டுக் கலகத்தில் படைவீரர்களால் மாண்டன. தந்தை தாவீது பாரிசில் இறைவனடி சேர்ந்ததும் அதே 1900-இல்தான். தாம் எட்டிப் பார்த்த மந்தை சீன மண்ணில் அடியோடு மறைந்த ஆண்டில் அவரும் கண்மூடினார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு கோமகன் ஐரோப்பாவில் சிதறிக்கிடந்த பதினெட்டு மான்களைத் தம் வோபர்ன் தோட்டத்தில் ஒன்றுசேர்த்தார். இன்று உலகில் வாழும் தாவீது மான் ஒவ்வொன்றும் அந்தச் சிறு மந்தையின் வழித்தோன்றலே.

1945-ஆம் ஆண்டு விப்ஸ்னேட் காட்சிசாலையில் இருபது வயது டரல் மாணவக் காப்பாளராகச் சேர்ந்தார். பெயர்தான் அப்படி, உண்மையில் எந்தத் தொழுவத்துக்கும் விரட்டப்படும் எடுபிடி. சாணம் வாரிய கையாலேயே, வோபர்னிலிருந்து வந்த தாவீது மான் குட்டிகளுக்கு இரவும் பகலும் புட்டிப்பால் ஊட்டும் வேலை அவருக்குக் கிடைத்தது. உலகில் சில நூறு மட்டுமே எஞ்சியிருந்த உயிரினம் ஒன்று தம் மடியில் தலைவைத்துப் பால் குடிப்பதை அந்த இளைஞர் உணர்ந்தார். இந்த மான்களைக் காத்தது காடன்று, ஒரு வேலி. அப்படியானால், கூண்டு என்பது காட்சிக்காக மட்டுமே இருக்க வேண்டுமா? அழிவின் வெள்ளம் வடியும்வரை உயிர்களை ஏற்றிவைக்கும் நோவாவின் பேழையாக அது ஏன் இருக்கக் கூடாது? இந்த எண்ணம் அவரை அதன்பின் விடவேயில்லை.

எண்ணம் தோன்றிய மறுநாளே அவர் மகானாகிவிடவில்லை. கைக்கு வந்த மூவாயிரம் பவுன் பிதுரார்ச்சிதத்தை எடுத்துக்கொண்டு 1947-இல் ஆப்பிரிக்காவின் கேமரூன் காட்டுக்குப் போனார். விலங்குகளைப் பிடித்துக் கொண்டுவந்து காட்சிசாலைகளுக்கு விற்பதே தொழில். காட்டிலிருந்து உயிர்களைக் கவர்ந்து வந்து பிழைத்தவர்தாம் பின்னாளில் அவற்றின் காவலரானார். பவுலடியாரின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது விந்தையன்று. பணம் கரைந்தது. வயிற்றுப்பாட்டுக்காகப் பேனா பிடித்தார். எழுதுவது அவருக்குப் பிடிக்காத வேலை. ஆனால் எழுதிய ஒவ்வொரு நூலும் விலங்குகளுக்குத் தீனி ஆயிற்று. 1957-இல் கேமரூனிலிருந்து திரும்பியபோது, பிடித்து வந்தவற்றை இனி விற்பதில்லை என்று முடிவு செய்தார். ஆனால் வைத்துக்கொள்ள இடமில்லை. போர்ன்மத் நகரில் அவருடைய தமக்கை வீட்டுப் புழைக்கடையில் குரங்குகளும் பாம்புகளும் மாதக்கணக்கில் குடியிருந்தன. இடம் கேட்டு நகராட்சிகளின் படியேறி இறங்கிச் சலித்தபின், ஜெர்சியில் ஒக்ரே மாளிகைக்காரர் இடம் கொடுத்தார். 1959-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் காட்சிசாலை திறக்கப்பட்டது. 1963-இல் அது அறக்கட்டளையாயிற்று.

அறக்கட்டளைக்கு அவர் தேர்ந்த சின்னம் டோடோ. மொரீசியசுத் தீவில் மட்டுமே வாழ்ந்த பறக்கவியலாத பெரும் பறவை அது. 1598-இல் டச்சு மாலுமிகள் கரையிறங்கிய பின் நூறு ஆண்டுகளுக்குள் பூண்டோடு அழிந்துபோயிற்று. பேழையின் முகப்பில், ஏற்ற முடியாமற்போன உயிரின் படத்தை வைத்த மனத்தை எண்ணிப் பாருங்கள்!

நடந்துகொண்டே கொரில்லாக்களின் புல்வெளிக்கு வந்தோம். அங்கே 'ஜாம்போ' என்ற ஆண் கொரில்லாவின் வெண்கலச் சிலை இருக்கிறது. 1961-இல் பாசல் நகரக் காட்சிசாலையில் பிறந்து, 1972-இல் ஜெர்சிக்கு வந்தது ஜாம்போ. 1986-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள், ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் சுவரிலிருந்து தவறி உள்ளே விழுந்து நினைவிழந்தான். மேலே நின்ற கூட்டம் அலறியது. கொரில்லா என்றால் மனிதரைக் கிழித்தெறியும் அரக்கன் என்றே அன்று பலரும் நம்பியிருந்தனர். ஜாம்போ அருகில் வந்தது. குழந்தைக்கும் தன் கூட்டத்திற்கும் நடுவே அரணாக நின்றது. முதுகை மெல்லத் தடவிப் பார்த்தது. சிறுவன் விழித்து அழத் தொடங்கியதும், தன் கூட்டத்தை அழைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. காப்பாளர்கள் இறங்கிக் குழந்தையை மீட்டனர், அவன் பிழைத்துக்கொண்டான். பார்வையாளர் ஒருவர் எடுத்த படச்சுருள் உலகெங்கும் காட்டப்பட்டது. 1992-இல் ஜாம்போ இறந்தது. மருமகன் அந்தச் சிலையின் முன் நெடுநேரம் நின்றான். வந்தவர்கள் பலர் தொட்டுத் தொட்டுச் செல்வதைக் கண்டு தானும் தொட்டான்.

கண்ணாடிக்கு அப்பால் உயிருள்ள கொரில்லாத் தாய் ஒன்று குட்டியை மடியில் கிடத்தி உச்சி பார்த்துக்கொண்டிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து பேத்திக்குப் பேன் பார்க்கும் நம் பாட்டிமாரின் அதே கவனம், அதே பொறுமை. தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும் விலங்கு ஏதேனும் உண்டா என்று என் கண்கள் அன்று முழுவதும் தேடிக்கொண்டிருந்தன. மரமும் கயிறும் ஒளிந்துகொள்ள மறைவும் எங்கும் இருந்தன. சில கூடங்களில் விலங்கையே காணவில்லை. அது எங்கோ புதருக்குள் உறங்கிற்று. காசு கொடுத்து வந்தவர்கள் முணுமுணுத்தபடி நகர்ந்தார்கள். பார்க்கப்படாதிருக்கும் உரிமையை விலங்குக்குக் கொடுத்த காட்சிசாலையை நான் அதற்குமுன் கண்டதில்லை.

ஆனால் பேழை என்றால் ஒருநாள் கதவு திறக்க வேண்டுமே. அங்கேதான் மொரீசியசின் கதை வருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்களைப் பிரெஞ்சுக்காரர் கொண்டுசென்ற நாள் முதலாகத் தமிழர் வாழும் தீவு அது. டோடோவை இழந்த அதே தீவில், 1974-ஆம் ஆண்டில், மொரீசியசு வல்லூறு என்னும் சிறு வேட்டைப் பறவையில் அறியப்பட்டவை நான்கே நான்கு. காடு அழிந்தது, கொசுவை ஒழிக்கத் தெளித்த டி.டி.டி. நஞ்சு உடலில் ஏறியது, வெளியிலிருந்து வந்த குரங்குகள் மரப்பொந்துகளில் ஏறி முட்டைகளைத் தின்றன. அந்த ஆண்டு ஒரு சோடி மட்டும் வழக்கத்தை மாற்றி, குரங்கு எட்ட முடியாத செங்குத்துப் பாறையில் முட்டையிட்டது. அந்த ஒரு பறவையின் ஒரு மாற்றம் இனத்துக்கு மூச்சு வாங்க நேரம் கொடுத்தது.

1976-இல் டரல் மொரீசியசு சென்றார். அப்பயணத்தில் ரோட்ரீக்சுத் தீவின் பொன்னிற வௌவால்களைப் பிடிக்கப் பலாப்பழத்தை வைத்துக் கவர்ந்தார். பலாவின் மணத்தைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் பண்ருட்டிக்காரர் எவரும் மன்னிக்கமாட்டார்! அடுத்த ஆண்டே யூசுப் முங்ரூ என்ற மொரீசிய இளைஞர் ஜெர்சியில் பயிற்சி பெற வந்தார். அவரே அங்கு வந்த முதல் பயிற்சியாளர். 1994-இல் அந்நாட்டின் முதல் தேசியப் பூங்கா அமைந்தபோது அதன் பொறுப்பும் அவரிடம் வந்தது. அந்தந்த நாட்டு உயிரை அந்தந்த நாட்டாரே காக்க வேண்டும் என்பதில் டரல் உறுதியாக இருந்தார். காட்சிசாலையின் ஓரத்தில் உள்ள பயிற்சிக் கூடத்தைத்தான் நான் அங்குள்ள எல்லாவற்றிலும் மேலானதாக எண்ணுகிறேன். அதைப் பார்க்க எவரும் சீட்டு வாங்குவதில்லை.

வல்லூறுகளுக்காக 1979-இல் மொரீசியசு வந்தவர் கார்ல் ஜோன்சு என்ற வேல்சு நாட்டு இளைஞர். பயனற்றுப்போன திட்டத்தை மூடிவிட்டு வா என்று அவரை அனுப்பினார்கள். அவர் மூடவில்லை. பாறையில் ஏறி முதல் முட்டைகளை எடுத்து அடைகாக்கும் கருவியில் வைத்தார். இழந்த தாய் மறுபடியும் முட்டையிட்டது. எடுத்த முட்டைகள் குஞ்சாயின. குஞ்சுகள் வளர்ந்து காட்டுக்குப் பறந்தன. ஜெர்சி அறக்கட்டளை அவருக்குத் தோள்கொடுத்தது. நான்காக இருந்தவை 1990-களில் சில நூறாயின. அதே தீவின் இளஞ்சிவப்புப் புறா 1990-ஆம் ஆண்டையொட்டிக் காட்டில் பத்து அளவே எஞ்சியிருந்தது. இன்று ஏறக்குறைய ஐந்நூறு.

நம் நாட்டுக்கும் இந்தப் பேழையில் ஒரு பங்கு உண்டு. அஸ்ஸாமின் உயர்ந்த புல்வெளிகளில் வாழும் குள்ளக் காட்டுப்பன்றி ஏறக்குறைய ஓரடி உயரமே உடையது. அழிந்தேவிட்டது என்று கருதப்பட்டு 1971-இல் மீண்டும் கண்டறியப்பட்டது. 1995-இல் குவாஹாட்டிக்கு அருகே அதற்கென ஒரு காப்பகம் தொடங்கியது. ஜெர்சி அறக்கட்டளை அதன் தாய்நிறுவனங்களுள் ஒன்று. அடுத்த ஆண்டு மானஸ் காட்டில் பிடித்த ஒரு சில பன்றிகளின் வழிவந்தவை, 2008 முதல் நூற்றுக்கும் மேலாகப் புல்வெளிகளுக்குத் திரும்பியிருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் கொடி பிடிப்பார் பலர். முழங்கால் உயரமும் இல்லாத பன்றிக்காக முப்பது ஆண்டு பாடுபட யாருக்கு மனம் வரும்?

எல்லாம் வென்றுவிட்டதாக எண்ண வேண்டாம். மொரீசியசுக்கு வடக்கே உள்ள வட்டத்தீவில் மட்டும் வாழ்ந்த, வளை தோண்டும் பாம்பு ஒன்று 1975-இல் கடைசியாகக் காணப்பட்டது. அதன்பின் எவரும் காணவில்லை. கொண்டுவந்து விட்ட ஆடும் முயலும் தீவின் பச்சையைத் தின்று, மண்ணைக் கடலுக்கு அனுப்பிவிட்டன. அவற்றை அகற்றி முடித்தது 1986-இல். பாம்புக்கு அது மிகவும் காலங்கடந்த உதவி. தவிரவும், உலகில் காட்சிசாலை என்று பெயர் வைத்திருப்பவை எல்லாம் ஜெர்சி ஆகிவிடா. டரலே அவற்றுள் பலவற்றைக் கடுமையாகச் சாடியவர். காப்பதாகப் பேசிக்கொண்டு காசு பார்க்கும் கூண்டுகள் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன.

டரலும் புனிதர் அல்லர். நம் மறையைச் சேர்ந்தவரும் அல்லர். முதல் திருமணம் 1979-இல் மணமுறிவில் முடிந்தது. நீண்டகால மதுப்பழக்கம் ஈரலைத் தின்றது. 1994-இல் மாற்று ஈரல் பொருத்தப்பட்டும், 1995 சனவரி 30-ஆம் நாள், எழுபது வயது நிறைந்த சில நாளில் காலமானார். அவருடைய சாம்பல் மாளிகைத் தோட்டத்திலேயே புதைக்கப்பட்டு, ஒரு சிறு நினைவுக்கல் பதிக்கப்பட்டிருக்கிறது. ஆதியாகமத்தில் முதல் மனிதன் விலங்குகளுக்குப் பெயரிட்டான் என்று வாசிக்கிறோம். பெயரிட்ட பின் அவன் அவற்றை என்ன செய்ய வேண்டும் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதிய சுற்றுமடல் இதைப் பேசிற்று. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, சாணம் வாரிய ஒரு காப்பாளர் இதைச் செய்துகொண்டிருந்தார்.

அந்த மான்கள் என்னாயின என்று கேட்பீர்கள். 1985-இல் வோபர்னிலிருந்து புறப்பட்ட ஒரு மந்தை, தந்தை தாவீது எட்டிப் பார்த்த அதே பீக்கிங் வேட்டைத் தோட்ட நிலத்துக்குத் திரும்பிச் சென்றது. இன்று சீனாவில் அவை பல ஆயிரமாகப் பெருகியிருக்கின்றன.

மாலையில் மருமகன் மறுபடியும் கேட்டான்: "மாமா, இவை எப்போது வீட்டுக்குப் போகும்?" காலையில் கேட்ட கேள்வி மாறியிருந்ததை நான் கவனித்தேன். அவனிடம் என் புலியைப் பற்றிச் சொன்னேன். இத்தனை ஆண்டில் யாரிடமும் சொன்னதில்லை. அவன் சிறிது நேரம் பேசாமல் நடந்தான். பிறகு, "அந்தப் புலிக்குப் பெயர் என்ன?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை.

கப்பலுக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. மறுநாள் வடகரையில், புனித அருளப்பர் பங்கின் சொரேல் முனைக்குப் போனோம். கருநிற உடலும், சிவந்த அலகும், சிவந்த காலும் கொண்ட காக்கை இனத்துப் பறவை ஒன்று அங்கே உண்டு, சஃப் என்பார்கள். கான்டர்பரி மறைசாட்சி புனித தாமஸ் பெக்கெட்டுக்கு உரியதாகச் சொல்லப்படும் சின்னத்தில் இருக்கும் பறவை இதுதான். ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக அது ஜெர்சியில் இல்லாமற்போயிருந்தது. காட்சிசாலையில் வளர்த்தவற்றை 2013 முதல் இந்த முனையில் பறக்கவிட்டார்கள். பறவை இரைதேட வேண்டுமானால் புல் குட்டையாக இருக்க வேண்டுமென்று, மலைச்சரிவில் ஆடுகளையும் மேயவிட்டார்கள். 2015-இல் காட்டிலேயே பொரித்த முதல் குஞ்சு பறந்தது.

காற்று நின்று பேசவொட்டாமல் அடித்தது. வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. தங்கை போகலாம் என்றாள். அப்போது பாறைக்குக் கீழிருந்து மூன்று பறவைகள் காற்றின்மேல் எழுந்து, எங்கள் தலைக்கு மேலே ஒரு கணம் நின்று, கூவிக்கொண்டே பிரான்சு இருக்கும் திசையில் சரிந்து சென்றன. அவற்றுள் ஒன்றின் காலில் வளையம் இருந்ததைப் பையன் பார்த்ததாகச் சொன்னான். மற்ற இரண்டின் காலில் அவனுக்கு ஒன்றும் தெரியவில்லையாம்.